உங்க தொட்டியில் நத்தைக்கு என்ன சாப்பாடு இருக்கு?

போன வருஷம் செமஸ்டர் லீவில் எங்க வீட்டு ஹாலில் ஒரு உப்புநீர் மீன்தொட்டி வைத்தேன். இரண்டடித் தொட்டி. பாறை, மணல் எல்லாம் போக உள்ளே சுமார் 100 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதில் இரண்டு க்ளவுன் மீன். "இதுக்குச் செலவு பண்ணின காசுல ஒரு பழைய பைக்கே வாங்கியிருக்கலாம்" என்று அப்பா இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். அது வேறு கதை.

ஐந்தாவது வாரம் மணல் மேலும் கண்ணாடி மேலும் பழுப்பு நிறத்தில் ஒரு தூசு படிய ஆரம்பித்தது. துடைத்தால் போகும், மறுநாள் திரும்ப வரும். பயந்துபோய் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். கடை அண்ணன் போட்டோவைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. "எத்தனை லிட்டர் தம்பி?" என்றார். நூறு என்றேன். "அப்போ க்ளீனிங் பேக்கேஜ் எடுத்துக்கோ. பத்து ஹெர்மிட் நண்டு, பத்து நத்தை, ஒரு நட்சத்திர மீன். உள்ள விட்டுட்டு மறந்துடு. எல்லாத்தையும் அதுங்க பாத்துக்கும்."

விட்டேன். மறந்தும் விட்டேன், ஏன்னா காலேஜ் திறந்து இன்டர்னல்ஸ் வந்துடுச்சு.

முதல் இரண்டு வாரம் தொட்டி பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் வைத்தேன். அப்புறம் நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து கீழே விழுந்தன. அடுத்த நாள் அந்த ஓட்டுக்குள் ஒரு ஹெர்மிட் நண்டு குடியேறியிருக்கும். நட்சத்திர மீன் மணலுக்குள் போனது, வெளியே வரவே இல்லை. மூன்றாவது மாதம் ஒரு சாயங்காலம் காலேஜ் விட்டு வீட்டுக்குள் நுழைந்தால் ஹால் முழுக்கக் கருவாட்டு வாடை. அம்மோனியா டெஸ்ட் கிட்டில் மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் பச்சையாக மாறியது. இரண்டு க்ளவுன் மீனில் ஒன்று மிதந்துகொண்டிருந்தது.

அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னாங்க: "அழுக்கத் திங்கறதுக்குத்தானேடா வாங்கிட்டு வந்த? இப்ப அதுங்களே அழுக்காயிடுச்சே."

மூன்று மாதம் நான் புரிந்துகொள்ளாததை அம்மா ஒரே வரியில் சொல்லிட்டாங்க. 'க்ளீன்-அப் க்ரூ' என்று நாம் பெயர் வைத்திருக்கிற நத்தை, நண்டு, இறால் எல்லாம் சுத்தம் செய்கிற கருவிகள் இல்லை. அதுவும் சாப்பிடும், கழிக்கும், பட்டினி கிடந்தால் சாகும். அதனால் இதுகளை வாங்கும்போது 'எத்தனை லிட்டர்' என்பது தப்பான கேள்வி. 'என் தொட்டியில் இதுக்கு என்ன சாப்பாடு இருக்கு, அது தீர்ந்துபோனா அப்புறம் என்ன சாப்பிடும்' என்பதுதான் சரியான கேள்வி. அதற்குப் பதில் இல்லையென்றால் வாங்கக் கூடாது. இதுதான் என் கருத்து.

ஒரு சின்ன மாஸ் பேலன்ஸ்

கெமிக்கல்காரங்களுக்கு இது தினசரிச் சாப்பாடு. மற்ற டிபார்ட்மென்ட்டும் எங்கேயாவது ஒரு பேப்பரில் படித்திருப்பீங்க. உள்ளே போனது = வெளியே வந்தது + உள்ளேயே தங்கினது. மீன்தொட்டிக்கும் அதே சமன்பாடுதான்.

தொட்டிக்குள் நைட்ரஜன் எப்படிப் போகிறது? நாம் போடுகிற சாப்பாடு வழியாக. ஒரு கிராம் உலர் தீவனத்தில் 45 சதவீதம் புரதம் என்று வைத்துக்கொள்வோம். புரதத்தின் எடையில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன். ஆக ஒரு கிராம் தீவனத்தில் 72 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிறது. மீன் அதைத் தின்று அமோனியாவாக வெளியே விடுகிறது. பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகிறது. அத்தனையும் நைட்ரேட்டாகவே முடிந்தால் 319 மில்லிகிராம். என் 100 லிட்டர் தொட்டியில் அது கிட்டத்தட்ட 3.2 பிபிஎம். ஒரு பங்கு மீனின் உடம்பாகும், ஒரு பங்கு ஸ்கிம்மரில் போகும், அதனால் உண்மையான எண் இதைவிடக் குறைவாகத்தான் வரும். மேல்வரம்பு என்று எடுத்துக்கோங்க.

இப்போது தினமும் 0.2 கிராம் போடுகிறோம் என்றால் வாரத்துக்கு சுமார் 4.5 பிபிஎம் ஏறும். ஞாயிற்றுக்கிழமைதோறும் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினால், இருப்பதில் பத்தில் ஒரு பங்கு வெளியே போகும். ஏறுவதும் இறங்குவதும் சமமாகிற இடம் எது? 45 பிபிஎம். தண்ணீர் மாற்றத்தை 20 சதவீதமாக்கினால் அது 22 பக்கம் இறங்கும். தீவனத்தைப் பாதியாக்கினாலும் அதே 22 தான்.

இந்தக் கணக்கில் நத்தை எங்கே வருகிறது? எங்கேயும் வரவில்லை.

நத்தை பாசியைத் தின்கிறது. அதில் கொஞ்சம் அதன் உடம்பாகிறது, மீதி சின்னச் சின்ன உருண்டையாக மணலில் விழுகிறது, அமோனியாவாகத் தண்ணீரில் கலக்கிறது. அந்தச் சத்தை வைத்து அடுத்த பாசி முளைக்கிறது. நத்தை செத்தால் உடம்பில் சேர்த்து வைத்ததும் மொத்தமாகத் திரும்பி வந்துவிடும். எனக்கு நடந்தது அதுதான். இருபத்தோரு உயிரை உள்ளே விட்டேன். அது தொட்டியிலிருந்து எதையும் எடுக்கவில்லை. கூடுதலாக இருபத்தோரு உடம்பைத்தான் உள்ளே கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

தொட்டியிலிருந்து நைட்ரஜனையும் பாஸ்பேட்டையும் நிஜமாக வெளியே எடுக்கிற வழிகள் கொஞ்சம்தான். தண்ணீர் மாற்றுவது. ஸ்கிம்மர் கப்பைக் கழுவுவது. பாசியைக் கையால் பிடுங்கி வெளியே போடுவது. கீட்டோ மாதிரி கடல்பாசியைத் தனி அறையில் வளர்த்து அவ்வப்போது அறுவடை செய்வது. அப்புறம், முதலிலேயே கம்மியாகச் சாப்பாடு போடுவது. எல்லாத்துக்கும் மனுஷக் கை வேணும். க்ளீன்-அப் க்ரூவில் முதல் ஆள் நீங்கதான்.

அப்போ நத்தையே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. நத்தைகள் செய்கிற வேலையை நம்மால் செய்ய முடியாது. பாறை இடுக்கில் நம் விரல் போகாது, அதன் நாக்கு போகும். கண்ணாடியில் மெல்லிய படலமாக இருக்கும்போதே பாசியைச் சுரண்டிவிடும், அடர்ந்து வளர விடாது. மீன் விட்டுவைத்த சாப்பாடு ஒரு பாறைக்குக் கீழே கிடந்து அழுகுவதற்குள் கண்டுபிடித்துத் தின்றுவிடும். பெரிய அழுக்கைச் சின்ன அழுக்காக்கித் தண்ணீரில் மிதக்க விடும், அதை ஸ்கிம்மரும் ஃபில்டரும் பிடிக்கும். இது நிஜமான வேலைதான். ஆனால் இந்த வேலைக்கு எந்த உயிர் வேணும் என்பது எந்த மாதிரி அழுக்கு என்பதைப் பொறுத்தது. டாக்டர் எடையை மட்டும் கேட்டுவிட்டு மாத்திரை எழுதித் தந்தால் நாம ஒத்துக்குவோமா?

அதனால் முதலில் அழுக்கை அடையாளம் காணுங்க.

புதுத் தொட்டியில் வருகிற பழுப்புத் தூசு டையாட்டம். தண்ணீரிலும் மணலிலும் இருக்கிற சிலிக்கேட்டை வைத்து வளரும். பெரும்பாலும் சில வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். நான் பயந்து ஓடியது இதற்குத்தான். இதற்கு மருந்து பொறுமை. குழாய்த் தண்ணீருக்குப் பதிலாக நல்ல ஆர்ஓ தண்ணீரில் உப்பு கலக்கினால் இன்னும் சீக்கிரம் குறையும்.

கண்ணாடியில் பச்சைப் படலம் என்றால் ட்ரோக்கஸ் நத்தை. கோபுரம் மாதிரி ஓடு. கண்ணாடி, பாறை இரண்டிலும் மேயும். இதற்கு ஒரு பெரிய நல்ல குணம் உண்டு: கவிழ்ந்து விழுந்தால் தானே திரும்பிக்கொள்ளும். ஆஸ்ட்ரியா என்று இன்னொரு நத்தை இருக்கிறது. வேலை நன்றாகவே செய்யும், ஆனால் மணலில் மல்லாந்துவிட்டால் பல சமயம் எழுந்திருக்க முடியாது. யாராவது திருப்பிவிடணும். காலேஜுக்குக் காலையில் போய் ராத்திரி வருகிறவர்களுக்கு ஆஸ்ட்ரியா சரிப்படாது.

முடி மாதிரி நீளமாக வளர்ந்த பாசி என்றால், முதலில் கையால் பிடுங்குங்க. நத்தைகள் குட்டைப் புல்லைத்தான் மேயும், காட்டை வெட்டாது. பிடுங்கின பிறகு மிச்சத்துக்கு டர்போ நத்தை ஒன்று போதும். அது புல்டோசர் மாதிரி போகும், ஒட்டாமல் வைத்த பவளத் துண்டுகளைத் தள்ளிவிடும். பெரிய உடம்பு என்பதால் செத்தால் சின்னத் தொட்டிக்கு ஆபத்தும் பெரிசு.

மிச்சச் சாப்பாடு பிரச்சினை என்றால் நாஸாரியஸ் நத்தை. பகல் முழுக்க மணலுக்குள் புதைந்து கிடக்கும். தும்பிக்கை மாதிரி ஒரு குழாய் மட்டும் வெளியே தெரியும். தண்ணீரில் சாப்பாட்டு வாசனை பட்டதும் பேய்ப் படத்தில் வருகிற மாதிரி மணலைப் பிளந்துகொண்டு எழுந்து வரும். பார்க்கவே ஒரு கூட்டம் கூடலாம். ஆனால் ஞாபகம் வைத்துக்கோங்க, இது பாசி தின்னாது. கண்ணாடி பச்சையாக இருக்கிறது என்று நாஸாரியஸ் வாங்கினால் காசும் போச்சு, அதன் உயிரும் போச்சு.

மணல் மேல்பரப்பில் அழுக்கு, பாசி இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்றால் செரித் நத்தை. மணல், பாறை, கண்ணாடி மூன்றிலும் வேலை செய்கிற ஆல்ரவுண்டர்.

குமிழ் குமிழாகப் பச்சை உருண்டை வந்தால் அது வலோனியா. எமரால்டு நண்டு அதைத் தின்னும் என்பார்கள். சில நண்டு தின்னும், சிலது திரும்பிக்கூடப் பார்க்காது. பசி வந்தால் வேறு எதையாவது கிள்ளும்.

ஏய்ப்டேஸியா என்ற கண்ணாடி மாதிரியான கடல் சாமந்தி பெருகினால் பெப்பர்மின்ட் இறால். அதுவும் எல்லா இறாலும் தின்னும் என்ற உத்தரவாதம் இல்லை.

சிவப்பு, ஊதா நிறத்தில் வழுவழுவென்று போர்வை மாதிரி படிந்தால் அது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. அதை நம்பித் தின்கிற நத்தை கிடையாது. இதற்கு நத்தை வாங்குவது வீண். மணலோடு உறிஞ்சி எடுங்க, தண்ணீர் ஓட்டத்தை அதிகப்படுத்துங்க, சாப்பாட்டைக் குறைங்க.

இந்தப் பட்டியலை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் நான் அன்றைக்கு எதுவுமே வாங்கியிருக்க மாட்டேன். டையாட்டத்துக்கு இரண்டு நத்தை போதும், அதுவும் அவசரம் இல்லை.

வேலை முடிஞ்சா என்ன ஆகும்?

சில உயிர்கள் ரொம்ப நன்றாக வேலை செய்யும். பிரச்சினையே அதுதான்.

மணல் சலிக்கிற நட்சத்திர மீன் அந்த வகை. 'மணலைச் சுத்தம் பண்ணும்' என்று சொல்லி விற்கிறார்கள். அது மணலில் இருக்கிற அழுக்கைத் தின்னவில்லை. மணலுக்குள் வாழ்கிற குட்டிப் புழு, குட்டிச் சிப்பி, குட்டி நத்தை, இவற்றைத்தான் தின்கிறது. மணலை நிஜமாகவே சுத்தமாக வைத்திருக்கிறவர்கள் அவர்கள்தான். என் தொட்டியில் இருந்த அத்தனையையும் தின்று முடித்துவிட்டு, பிறகு சாப்பிட எதுவும் இல்லாமல் மணலுக்குள்ளேயே கரைந்து போனது. இரண்டடித் தொட்டியில் அதற்கு ஆயுள் சில மாதம். அதற்கு வேற முடிவே இல்லை.

கடல் முயலும் அதே கதை. முடிப் பாசியை ஒரு வாரத்தில் காலி பண்ணிவிடும். அடுத்த வாரம் பட்டினி. பயந்தால் ஊதா மையைக் கக்கும், பம்பில் மாட்டினால் தொட்டியே நாசம். எனக்குத் தெரிந்து இதற்கு ஒரே நியாயமான வழி, மீன் வளர்க்கிற நாலு பேர் சேர்ந்து ஒன்றை வைத்துக்கொண்டு பாசி இருக்கிற வீட்டுக்கு வீடு மாற்றுவது. அதற்கு ஆள் இல்லையென்றால் விட்டுடுங்க.

மார்கரிட்டா என்று ஒரு நத்தை. அது குளிர்ந்த கடலில் வாழ்கிற உயிர். 26 டிகிரித் தொட்டியிலேயே அதற்குக் காய்ச்சல் மாதிரிதான். சென்னை வெயிலில் சொல்லவே வேண்டாம். எங்க ஹாலில் மே மாதம் தொட்டி 31 டிகிரி தொட்டது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைகிற ஆக்சிஜன் குறையும். சில்லர் வாங்க வசதி இல்லையென்றால், குறைந்தபட்சம் ஒரு ஃபேனைத் தண்ணீர் மேல் திருப்பி வைத்து, வெப்பக் கடலில் பிறந்த உயிர்களை மட்டும் வாங்கணும்.

ஹெர்மிட் நண்டைப் பற்றி இரண்டு கட்சி இருக்கிறது. "துறுதுறுன்னு இருக்கும், எல்லாத்தையும் தின்னும்" என்பது ஒரு கட்சி. "எல்லாத்தையும் தின்னும், அதுதான் பிரச்சினை" என்பது இன்னொன்று. நான் இரண்டாவது. அது வளர வளரப் பெரிய ஓடு வேணும். காலி ஓடு கிடைக்கவில்லையென்றால் ஆள் இருக்கிற ஓட்டைப் பார்க்கும். என் நத்தைகளில் சிலது பட்டினியில் போனது, சிலதை நண்டு காலி செய்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கட்டாயம் வேணும்னா இரண்டு போதும், கூடவே வேறு வேறு அளவில் காலி ஓடுகள் பத்தாவது போட்டு வையுங்க.

லிட்டர் கணக்குக்கு என்ன குறை?

இந்த இடத்தில் ஒரு சீனியர் என்னிடம் சண்டைக்கு வந்தார். "புதுசா ஆரம்பிக்கிறவனுக்கு ஒரு தம்ப் ரூல் வேணாமாடா? பத்து லிட்டருக்கு ஒண்ணுன்னு சொன்னா அவனுக்குப் புரியும். நீ சொல்ற மாதிரி அழுக்க ஆராய்ச்சி பண்ணச் சொன்னா ஓடிடுவான்."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தம்ப் ரூல் என்றால் அது காரணத்தோடு கொஞ்சமாவது ஒட்டியிருக்கணும். பாசி வளர்வது தண்ணீரின் கனஅளவை வைத்து இல்லை. வெளிச்சம் எவ்வளவு, சத்து எவ்வளவு, படர்வதற்குப் பாறையும் கண்ணாடியும் எவ்வளவு பரப்பு, இதை வைத்துத்தான். ஒரே 100 லிட்டரில் ஒருவர் இரண்டு மீனுக்கு நாளைக்கு ஒரு சிட்டிகை போடுவார், இன்னொருவர் ஆறு மீனை அடைத்து மூன்று வேளை போடுவார். இரண்டு பேருக்கும் பத்து நத்தை என்று சொல்வது எந்த ஊர் இன்ஜினியரிங்? முதல் வீட்டில் நத்தை பட்டினியில் சாகும். இரண்டாவது வீட்டில் நத்தையைக் காட்டி அவர் தன் தப்பை மறைத்துக்கொள்வார்.

அதனால் அவருக்கு நான் ஒரு மாற்று ரூல் சொன்னேன். நம்ம காலேஜ் பாஷையில் ஃபீட்பேக் லூப். என் அளவுத் தொட்டிக்கு முதலில் இரண்டு ட்ரோக்கஸ். மீன் சாப்பாடு மிச்சமாகிறது என்றால் மட்டும் இரண்டு நாஸாரியஸ். ஒரு மாதம் எதுவும் வாங்கக் கூடாது. ஒரு மாதம் கழித்துப் பாருங்க. பாசி கூடியிருந்தால் முதலில் சாப்பாட்டைக் குறைத்து, விளக்கு எரிகிற நேரத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் இன்னொரு நத்தை. பாசி சுத்தமாக இல்லையென்றால் சந்தோஷப்படாதீங்க, நத்தைக்குச் சாப்பாடு இல்லை என்று அர்த்தம். கடல்பாசித் தாள் ஒரு துண்டு கல்லில் கட்டிப் போடணும். கொஞ்சம் பாசி இருக்கிற தொட்டிதான் ஆரோக்கியமான தொட்டி. பாத்ரூம் டைல்ஸ் மாதிரி பளபளவென்று வேணும்னா அக்வேரியம் எதுக்கு?

இன்னொன்று, விடுகிற விதம். மீனைவிட இந்த உயிர்களுக்கு உப்பு அளவு சட்டென்று மாறுவது ஆகாது. பையைத் திறந்து அப்படியே கொட்டாதீங்க. ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரை ஒரு மணி நேரமாவது பை நீரில் கலந்து, அப்புறம் விடுங்க. உங்க தொட்டியின் உப்பு எவ்வளவு என்று ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து வையுங்க. நம்ம ஊர் வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. தினமும் நல்ல தண்ணீர் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்யாவிட்டால் 35 பிபிடி ஒரு வாரத்தில் எங்கேயோ போய்விடும். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் செம்பு கலந்த மருந்தைப் பிரதான தொட்டியில் ஊற்றவே கூடாது. நண்டு, இறால், நத்தையின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது செம்பு உள்ள ஹீமோசயனின்தான். ஆனாலும் தண்ணீரில் கரைந்த செம்பு அதுகளுக்கு விஷம். நோய் வந்த மீனை வேறு தொட்டிக்கு மாற்றி வைத்தியம் பாருங்க.

"பீச்ல ஃப்ரீயா கிடைக்குதே மச்சி"

கிளாஸ் டூருக்கு ராமேஸ்வரம் போனோம். கடல் உள்வாங்கியிருந்த நேரம், பாம்பன் பக்கம் கரையோரம் நடந்துகொண்டிருந்தோம். என் ஃப்ரெண்ட் ஒருத்தன் முழங்கால் தண்ணீரில் குனிந்து ஒரு கடல் அட்டையைக் காட்டினான். "மணலத் திங்குற ஜீவன் மச்சி இது. கடையில காசு குடுத்து வாங்குறதுக்கு இத ஒரு பாட்டில்ல போட்டுக்கோ." எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அண்ணன் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "தம்பி, அத எடுக்காதீங்க. கேஸ் ஆயிடும்." பக்கத்தில் போய்ப் பேசினோம். அவங்க அப்பா காலத்தில் முங்கி அட்டை எடுத்துக் காயவைத்து விற்றதுதான் வீட்டுக்கு வருமானமாம்.

திரும்பி வந்து படித்துப் பார்த்தேன். 2001-ல் கடல் அட்டைகள் எல்லாவற்றையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்திருக்கிறார்கள். புலி, யானை இருக்கிற அதே அட்டவணை. 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பாறை கட்டுகிற பவளமும் அதே அட்டவணையில்தான். ஆகவே 'லைவ் ராக்' என்று கடற்கரையிலிருந்து பவளக்கல்லைத் தூக்கி வருவதும் குற்றம். ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை இருக்கிற 21 தீவுகளையும் சுற்றுக் கடலையும் 1986-லேயே கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்திருக்கிறார்கள்.

சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த அண்ணன் குடும்பம் ஒரு வருமானத்தையே விட்டுக்கொடுத்திருக்கிறது. அது நியாயமா இல்லையா என்று மீனவர்களுக்குள்ளேயே இன்னும் வாதம் நடக்கிறது. அவங்க வயிற்றுப் பிழைப்புக்குக்கூட எடுக்காத ஒன்றை நாம ஹால் அலங்காரத்துக்கு ஒரு வாட்டர் பாட்டிலில் போட்டு எடுத்துட்டு வரலாமா? அங்கே அது கடலடி மணலைத் தின்று, அதில் இருக்கிற சத்தை எடுத்துக்கொண்டு, சுத்தமான மணலை வெளியே விடுகிறது. ஒரு கடலுக்கு அது செய்கிற வேலை அது. என் ஹாலில் பம்பில் மாட்டிச் செத்தால், உடம்பிலிருந்து வருகிற விஷம் மற்ற மீனையும் சேர்த்துக் கொல்லும்.

கடையில் விற்கிற நத்தை, நண்டுக்கும் இது கொஞ்சம் பொருந்தும். க்ளவுன் மீனைப் பண்ணையில் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். க்ளீன்-அப் க்ரூ என்று விற்கிற உயிர்களில் பெரும்பாலானவை இன்றைக்கும் ஏதோ ஒரு கடலிலிருந்து ஒருத்தர் கையால் பொறுக்கி எடுத்தவைதான். "நத்தைதானே, செத்தா வேற வாங்கிக்கலாம்" என்று சொல்கிறோம். ஒவ்வொரு முறை நாம வேற வாங்கும்போதும் ஏதோ ஒரு பாறையில் ஒன்று குறைகிறது. பேக்கேஜில் பத்து வாங்கி எட்டைச் சாக விடுகிறவனைவிட, இரண்டு வாங்கி இரண்டையும் வருஷக்கணக்கில் வாழ வைக்கிறவன்தான் எனக்கு நல்ல ஹாபியிஸ்ட்.

இப்போது என் தொட்டியில் மூன்று ட்ரோக்கஸ், இரண்டு செரித், இரண்டு நாஸாரியஸ், தப்பிப் பிழைத்த ஒரே ஒரு க்ளவுன் மீன். அந்தப் பத்து ஹெர்மிட் நண்டில் மிச்சமான ஒன்றும் ஒரு ட்ரோக்கஸின் பழைய ஓட்டைப் போட்டுக்கொண்டு சுற்றுகிறது. பின்பக்கக் கண்ணாடியை வேண்டுமென்றே துடைப்பதில்லை, அது நத்தைகளுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து லிட்டர் தண்ணீர் மாற்றுவேன். அப்பா பைக் பற்றிப் பேசிக்கொண்டே பக்கெட்டைப் பிடித்துக்கொள்வார். பழுப்புத் தூசு? அது எப்போது போனது என்றே கவனிக்கவில்லை.

அடுத்த முறை நீங்க கடைக்குப் போகும்போது அண்ணன் "எத்தனை லிட்டர் தம்பி" என்று கேட்டால், போனை நீட்டி போட்டோவைக் காட்டுங்க. "அண்ணே, இந்த அழுக்கை யாரு திம்பா? இது தீர்ந்துபோச்சுன்னா அவங்க எதத் திம்பாங்க?" என்று திருப்பிக் கேளுங்க. பதில் தெரிந்த கடையில் வாங்குங்க. பதில் வரவில்லையென்றால் அன்றைக்கு வெறுங்கையோடு வீட்டுக்கு வாங்க. தொட்டிக்கு ஒன்றும் ஆகிவிடாது.